700 கலோரியில் நின்ற எடை 1400 கலோரியில் இறங்கியது: எங்கள் வீட்டுக் கணக்கு

திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய ஒரு தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். எடை குறைக்க ஊரில் இப்போது எந்த முறை ஓடுகிறது என்பது கொள்முதலிலேயே தெரிந்துவிடும். ஒரு வருஷம் ஓட்ஸ் பாக்கெட் அடுக்க அடுக்கக் காலியாகும். மறு வருஷம் கொள்ளு. அப்புறம் சியா விதை, சிவப்பு அவல், கிரீன் டீ. வாங்குகிறவர்கள் வாயிலிருந்து இரண்டு பேச்சுத்தான் திரும்பத் திரும்ப வரும். "வாயைக் கட்டினா தன்னால குறையும் அண்ணாச்சி" என்பது ஒன்று. "ரொம்பக் கம்மியா சாப்பிட்டா உடம்பு உசாராகி கொழுப்பைப் பிடிச்சு வச்சுக்கிடுமாம்லா?" என்பது மற்றது.

இரண்டையும் எங்கள் வீட்டுக்குள்ளேயே பார்த்துவிட்டேன். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. எந்தப் பாதி என்று தெரியாததால் என் மனைவி பட்ட பாடு கொஞ்சமல்ல. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "இன்னொருத்தி இந்தப் பாடு படக் கூடாதுங்க, எழுதுங்க" என்று சொன்னவளே அவள்தான்.

அவளுக்கு வயது 44, உயரம் 155 செ.மீ. தொடங்கும்போது எடை 74 கிலோ. முழங்கால் வலியால் நெல்லையப்பர் கோயில் வெளிப் பிரகாரத்தை ஒரு சுற்று வருவதற்குள் உட்கார இடம் தேடுவாள். மூன்று மாத சர்க்கரைச் சராசரி 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. எடையைக் குறைத்தால் அளவு இறங்க வாய்ப்புண்டு என்று பரிசோதனை செய்த இடத்தில் சொல்லி அனுப்பினார்கள். எப்படிக் குறைப்பது என்று உட்கார வைத்து யாரும் சொல்லவில்லை.

சொல்ல ஆள் இல்லாத இடத்தில் வாட்ஸ்அப் வந்து நின்றது. தெருப் பெண்கள் குழுவில் சுற்றிய ஒரு பட்டியல். காலையில் கொள்ளு வேகவைத்த தண்ணீர், பிறகு இரண்டு இட்லியும் கொஞ்சம் சாம்பாரும். மதியம் ஒரு கரண்டிச் சோறு, ரசம், எண்ணெய் இல்லாத காய். ராத்திரி ஒரு கிண்ணம் பப்பாளி, ஒரு தம்ளர் மோர். பின்னாளில் நான் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது ஒரு நாளைக்கு 650 கலோரிக்கும் 700 கலோரிக்கும் நடுவில் வந்தது. புரதம் 20 கிராமைத் தொட்டால் அதிகம்.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்த இரண்டு கிலோ என்ன என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் மாவுச்சத்து சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது, சுமாராக 400, 500 கிராம். அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் முதலில் தீருவது இதுதான். தண்ணீரும் கூடவே இறங்கிவிடும். திரும்பச் சோறு சாப்பிட்டால் இரண்டு மூன்று நாளில் அத்தனையும் ஏறிவிடும்.

ஐப்பசியில் திருச்செந்தூர் சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்துவிட்டு வருகிறவர்களிடம் வருஷா வருஷம் இதைக் காணலாம். வயிறு ஒட்டி, முகம் தெளிந்து வருவார்கள். சூரசம்ஹாரமும் திருக்கல்யாணமும் முடிந்து ஒரு வாரத்தில் பழைய எடை. முருகனுக்காக இருக்கிற விரதத்தின் பலனை எடை மிஷினில் தேட வேண்டியதில்லை. ஆனால் "சஷ்டியில மூணு கிலோ குறைஞ்சிச்சு, அதையே ஒரு மாசம் இழுத்தா என்ன" என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தத் தண்ணீர் விஷயத்தைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். முதல் மாத முடிவில் 70 கிலோ. அதற்குப் பிறகு முள் அசையவில்லை. ஒரு வாரம் அரைக் கிலோ குறையும், மறு வாரம் அது திரும்பி வரும். அவள் இன்னும் இறுக்கினாள், காலை இட்லி இரண்டு ஒன்றாயிற்று. சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்கும்போது ராத்திரி ஃபேனை அணைக்கச் சொன்னாள், கால் குளிருகிறதாம். உட்கார்ந்து எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. மாதவிலக்கு தள்ளிப் போனது. வருஷம் தவறாமல் மொட்டை மாடியில் கூழ்வத்தல் பிழிகிறவள் அந்த வருஷம் மாடிப்படியே ஏறவில்லை. எங்கம்மா பொறுக்க முடியாமல் ஒரு நாள் சத்தம் போட்டாள்: "ஏளா, இப்படிக் கொலைப்பட்டினி கெடந்தா எலும்புதான் மிஞ்சும். பிள்ளைகளுக்கு யாரு இருக்கா?"

அம்மா சொன்னதில் விஞ்ஞானம் இருந்தது என்பது பிறகு புரிந்தது. எலும்பு வரை போகாவிட்டாலும் தசை வரை போயிருந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் முதலில் தைராய்டு பார்த்தார், சரியாக இருந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.8. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. பிறகு முந்தின நாள் காலையிலிருந்து ராத்திரி வரை வாயில் போட்டது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார். வாட்ஸ்அப் பட்டியலை இவள் ஒப்பித்தாள். "அது பட்டியல். நீங்க சாப்பிட்டதைச் சொல்லுங்கம்மா. யாரும் திட்ட மாட்டோம்" என்றார். அப்போதுதான் வந்தது. சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்குக் கை நடுங்கும்போது கடை டின்னிலிருந்து ஒரு பிடி மிக்சர், சில நாள் காராச்சேவு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு. கல்யாண வீடு என்றால் மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு. இவ்வளவு நாள் வயிற்றைக் காயப்போட்டவள் அந்த இலை முன்னால் எப்படி அளந்து சாப்பிடுவாள்?

அதில் அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்பதை டாக்டரம்மா அழுத்திச் சொன்னார். உணவு கடுமையாகக் குறையும்போது பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் ஏறுகிறது, போதும் என்று சொல்கிற லெப்டின் இறங்குகிறது. மன உறுதி உள்ளவர்களுக்கும் இதுதான் நடக்கும்.

வீட்டுக்கு வந்து கடைக் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதிப் பார்த்தேன். வாரத்தில் ஆறு நாள் 700 வீதம் 4200. அந்த ஆறு நாளும் சாயங்காலப் பிடி மிக்சருக்கு 300 வைத்தால் 1800. ஞாயிறு ஒரு நாளைக்கு 2500. மொத்தம் 8500. ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு 1200-க்கு மேல். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. 700-க்கான வேதனையை முழுசாக அனுபவித்துவிட்டு 1200-க்கான பலனைத்தான் அவள் வாங்கியிருக்கிறாள். அதே 1200-ஐ, அதற்கு மேலேயும்கூட, ஏழு நாளும் ஒழுங்காகப் பிரித்து, முட்டையும் மீனும் பருப்புமாகச் சாப்பிட்டிருந்தால் முடியும் உதிர்ந்திருக்காது, கண்ணும் இருட்டியிருக்காது.

அப்படியென்றால் 1200-க்காவது எடை குறைந்திருக்க வேண்டுமே, ஏன் நின்றது? கடையில் கேட்கிற இரண்டாவது பேச்சு இங்கேதான் வருகிறது.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனையைத் தொடங்கினார். உலகப் போரால் பட்டினியில் கிடந்த ஐரோப்பிய மக்களை எப்படி மீட்பது என்று அறிவது நோக்கம். ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மனசாட்சிப்படி மறுத்த இளைஞர்கள் 36 பேர் தாங்களாக முன்வந்தார்கள். தினம் 3200 கலோரி அளவில் உண்டுகொண்டிருந்தவர்களுக்கு 24 வாரம் அதில் பாதியளவுதான் கிடைத்தது. உருளைக்கிழங்கு, ரொட்டி, முள்ளங்கி இனக் கிழங்கு, மக்ரோனி. வாரம் 35 கிலோமீட்டர் நடையும் உண்டு.

24 வாரத்தில் அவர்கள் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது. ஆகவே "கம்மியா சாப்பிட்டா எடையே குறையாது" என்பது உண்மை இல்லை. சாப்பாடு குறைந்தால் எடை குறையும், எந்த உடம்பும் காற்றிலிருந்து கொழுப்பைச் செய்துகொள்ளாது. ஆனால் அந்த 36 பேருக்கு வேறு என்னென்ன நடந்தது என்று பார்த்தால் என் மனைவி கண்முன் நிற்கிறாள். ஓய்வில் உடம்பு செலவழிக்கிற சக்தி 40 சதவீதம் அளவுக்கு விழுந்தது. உடம்பே சிறுத்துப்போனது ஒரு காரணம், இருக்கிற உடம்பும் சிக்கனத்துக்கு மாறியது மறு காரணம். குளிர் தாங்கவில்லை. மாடி ஏற மனமில்லை. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை, சமையல் குறிப்புகளை எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். கால் முகம் வீங்கித் தண்ணீர் கோத்துக்கொண்டது. கொழுப்பும் தசையும் உள்ளே கரைந்தாலும் அந்தத் தண்ணீர் எடையில் அதை மறைத்துவிடும். கட்டுப்பாடு நீங்கியதும் அடங்காப் பசியோடு தின்றார்கள். எடை திரும்பியபோது கொழுப்பு முன்பிருந்ததைவிட அதிகமாக ஏறியது.

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். கடையில் வியாபாரம் படுத்துவிட்டால் நான் கடையை மூட மாட்டேன். பகலில் லைட்டை அணைப்பேன், உதவிக்கு நிற்கிற பையனைப் பாதி நேரம் வரச் சொல்வேன், பெயின்ட் அடிப்பதைத் தள்ளிப் போடுவேன். உடம்பும் அதைத்தான் செய்கிறது. முடி வளர்ப்பது, மாதவிலக்கு, கை கால் சூடு எல்லாம் தள்ளிப் போடத் தக்க செலவுகள். அதைவிடப் பெரிய சேமிப்பு நடமாட்டத்தில். மாடி ஏறாதது, நின்றுகொண்டு செய்த வேலையை உட்கார்ந்து செய்வது, எதிர் வீட்டுக்குப் போகவேண்டிய பேச்சைப் போனில் முடிப்பது. இவை நாம் நினைத்துச் செய்வதில்லை, தானாக நடக்கும். ஒரு நாளைக்குச் சில நூறு கலோரி இப்படியே மிச்சமாகிவிடும்.

மனைவியின் கணக்கு இதில் அடங்கிவிட்டது. அவள் நினைத்த வரவு 700, நிஜ வரவு 1200-க்கு மேல். வழக்கமான செலவு 1800. அது சுருங்கி 1500-க்கு வந்திருந்தால் வித்தியாசம் வெறும் 300. வாரத்துக்கு 2100 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறக்குறைய 7700 கலோரி வேண்டும். ஆக வாரத்துக்குக் கால் கிலோவுக்குச் சற்றுக் கூட. அதையும் தண்ணீர் ஏற்ற இறக்கம் மூடிவிடும். எடை நின்றுவிட்டது என்று நாங்கள் நினைத்ததற்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது.

இதை நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. "உடம்பு பிடிச்சு வச்சுக்கிடும்" என்று மட்டும் நம்புகிறவர்கள், அப்படியானால் நன்றாகச் சாப்பிட்டால்தான் குறையும் என்று இஷ்டத்துக்குச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். "வாயைக் கட்டினா போதும்" என்று மட்டும் நம்புகிறவர்கள் என் மனைவி போன வழியில் போகிறார்கள்.

மெலிந்த பிறகும் அந்தச் சிக்கனம் சிலருக்கு நீடிக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்து அளந்த ஆய்வை கெவின் ஹால் குழுவினர் 2016-இல் வெளியிட்டார்கள். போட்டியில் அவர்கள் எடை அதிவேகமாகக் குறைக்கப்பட்டது. ஆறு வருஷத்துக்குப் பிறகும் அவர்கள் உடம்பு ஓய்வில் செலவழித்தது, அந்த உடலுக்கு எதிர்பார்க்கிற அளவைவிட ஒரு நாளைக்குச் சராசரியாக 500 கலோரி குறைவு. பெரும்பாலோருக்கு இறங்கிய எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது.

டாக்டரம்மா கொடுத்த வழி சாதாரணமானது. முதலில் உடம்பின் அடிப்படைச் செலவைக் கணக்கிடச் சொன்னார். மிஃப்ளின்-செயின்ட் ஜோர் சூத்திரம் என்று பெயர். எடை கிலோவைப் பத்தால் பெருக்கு, உயரம் சென்டிமீட்டரை 6.25-ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டு. அதில் வயதை ஐந்தால் பெருக்கிக் கழி. பெண்ணுக்கு இன்னும் 161 கழி, ஆணுக்கு 5 கூட்டு. மனைவிக்கு 700-உம் 969-உம் கூட்டி, 220-உம் 161-உம் கழித்தால் ஏறக்குறைய 1290. படுத்தே கிடந்தாலும் இதயமும் மூளையும் ஈரலும் சிறுநீரகமும் கேட்கிற கூலி அது. பட்டியல்படி அதில் பாதியை மட்டும் கொடுத்து இத்தனை மாதம் ஓட்டப் பார்த்திருக்கிறோம். வீட்டு வேலை அளவு நடமாட்டத்துக்கு 1.4-ஆல் பெருக்கினால் 1800. ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், தொடக்கத்துக்கு இது போதும். 1800-இலிருந்து 400, 500 குறை. அடிப்படைச் செலவுக்குக் கீழே போகாதே. 1400 என்று வைத்துக்கொண்டோம்.

"இப்ப சாப்பிடுறதுக்கு ரெண்டு மடங்கு சாப்பிடச் சொல்லுதாங்களே" என்று மனைவி பயந்துவிட்டாள். பயம் நியாயம்தான். ஒரேயடியாக ஏற்றாமல் இரண்டு வாரத்தில் படிப்படியாக ஏற்றினோம். முதலில் ஒன்றரைக் கிலோ கூடியது. அது அந்தக் கிளைக்கோஜனும் தண்ணீரும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டாள். சொல்லாமல் விட்டிருந்தால் அந்த வாரமே பப்பாளிக்குத் திரும்பியிருப்பாள். பட்டினியிலிருந்து வெளியே வர நினைக்கிற எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. அந்த ஒன்றரைக் கிலோ கொழுப்பு இல்லை, பொறுங்கள்.

பிறகு தராசை வீட்டுக்குள் கொண்டுபோனேன். கடையில் பொட்டலம் போடுகிற சின்ன டிஜிட்டல் தராசு. சமைத்துவிட்டு அளப்பதைவிடச் சமைக்கும் முன் அளப்பது லேசு. அரிசி வேகாமல் 100 கிராம் 350 கலோரி. சோறாக 150 கிராம் வைத்தால் 200. இட்லி எங்கள் வீட்டுத் தட்டில் 40 கிராம், ஒன்றுக்கு 50, 60 கலோரி. ஆக இட்லியைக் கண்டு யாரும் நடுங்க வேண்டியதில்லை. நடுங்க வேண்டியது அதற்குத் தொட்டுக்கொள்வதைக் கண்டுதான். மிளகாய்ப் பொடியில் ஊற்றுகிற நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி, இரண்டு இட்லிக்குச் சமம். நாம் கரண்டி பார்த்தா ஊற்றுகிறோம்? தேங்காய்த் துருவல் 100 கிராம் 350 கலோரி. சொதியும் அவியலும் தேங்காயில் நடக்கிற ஊர் நம்முடையது, அதை விடச் சொல்ல மாட்டேன். கிண்ணத்தை அளந்து வைக்கச் சொல்வேன். அல்வாவுக்குத் தனிக் கணக்கே வேண்டாம். சீனி 100 கிராம் 400, நெய் 100 கிராம் 900. கோதுமைப் பாலோடு அந்த இரண்டும் சேர்ந்ததுதான் அல்வா. ஒரு விள்ளல் போதும் என்று நிறுத்த முடிந்தால் சாப்பிடலாம். வயிறு காய்ந்திருக்கும்போது நிறுத்த முடியாது, சாப்பாட்டுக்குப் பிறகு முடியும்.

மிக்சர் 100 கிராம் 500 கலோரியைத் தாண்டும். இதை விற்கிறவனே சொல்கிறேன்.

அளந்ததில் எங்களை அதிகம் திகைக்க வைத்தது புரதம். கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் பரிந்துரைத்த அளவு. 70 கிலோவுக்கு ஏறக்குறைய 58 கிராம். இவள் 20-இல் இருந்தாள். சாப்பாடு குறையும்போது புரதமும் குறைந்தால் உடம்பு தசையை அரித்து எடுத்துக்கொள்ளும். தசை போனால் ஓய்வில் செலவாகிற சக்தியும் குறையும், முழங்காலைத் தாங்க ஆளும் இருக்காது. எடை மிஷினில் எண் இறங்கியும் முழங்கால் வலி கூடியதற்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

நல்லவேளை, நம் ஊர்ச் சமையலில் உளுந்துக்கு இருக்கிற இடம் பெரிது. வேகாத உளுந்து 100 கிராமில் 24 கிராம் புரதம். தோல் உளுந்து உடைத்துப் போட்டு உளுந்தம்பருப்புச் சாதம் வைப்போம்லா, எள்ளுத் துவையலோடு. அதில் அரிசி மூன்று பங்கு, உளுந்து ஒரு பங்கு என்று எங்கம்மா காலத்திலிருந்து வைத்துக்கொண்டிருந்தோம். இப்போது இரண்டுக்கு ஒன்று. ருசி கூடித்தான் இருக்கிறது. உளுந்தங்களியைக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் குறைத்து வாரத்தில் ஒரு நாள் வைத்துக்கொண்டாள். தூத்துக்குடியிலிருந்து வருகிற சாளையும் நெத்திலியும் விலை மலிந்த நாளில் வாங்கிக் குழம்பு. மீன் 100 கிராமில் 18, 20 கிராம் புரதம் கிடைத்துவிடும். பட்டியலில் இருந்த கொள்ளும் நல்ல பயறுதான். அதன் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பயறை மாட்டுக்குப் போட்டதுதான் வீண். பயறையே சுண்டலாகச் சாப்பிடலாம், துவையல் அரைக்கலாம்.

ஒரு நாள் சாப்பாடு இப்படி அமைந்தது. காலையில் மூன்று இட்லி, சாம்பார், ஒரு முட்டை. பதினொரு மணிக்கு மோர். மதியம் 150 கிராம் சோறு, மீன் குழம்பு, ஒரு தட்டு நிறையக் கீரையோ அவரைக்காயோ. நாலு மணிக்கு, கை நடுங்கத் தொடங்கும் முன்பே, கொண்டைக்கடலையோ கொள்ளோ ஒரு கிண்ணம் சுண்டல். ராத்திரி எட்டுக்குள் எண்ணெய் குறைத்து இரண்டு தோசை, சட்னி. நடுவில் இரண்டு காபி, சீனி பாதி. கூட்டினால் 1400-ஐ ஒட்டி வரும், புரதம் 60 கிராம். சுண்டல் வந்த பிறகு மிக்சர் டின் பக்கம் அவள் போகவில்லை. நான் ஒன்றும் தடுக்கவில்லை, டின்னை மறைத்தும் வைக்கவில்லை. பசி இல்லை, அவ்வளவுதான். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் மீன் இடத்தில் பருப்பையும் தயிரையும் பயறையும் கூட்டிக்கொள்ளலாம், கொஞ்சம் முன்யோசனை வேண்டும்.

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாள். ரத வீதி நாலையும் விடியற்காலையில் சுற்றி வந்தோம், முதலில் ஒரு வீதி, பிறகு இரண்டு. நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது என்று டாக்டரம்மா சொன்னதால் நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது என்று வீட்டிலேயே ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்தாள். நானும் கூடச் செய்தேன். எனக்கு இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. இருந்தது. இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதுதான் எல்லை. கடை ராத்திரி பத்து வரை என்பதால் என் சாப்பாட்டு நேரம் இன்னும் சரிப்படவில்லை. இடுப்பு 92-க்கு வந்திருக்கிறது.

அவள் எடை மாதத்துக்கு ஒரு கிலோ, சில மாதம் ஒன்றரை என்று இறங்கியது. வாட்ஸ்அப் பட்டியல் முதல் மாதம் காட்டிய நாலு கிலோவுக்கு முன்னால் இது எடுபடாதுதான். ஆனால் நிற்கவில்லை. ஒரு வருஷம் ஆகும்போது 60-ஐ ஒட்டி வந்துவிட்டாள். மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்தது, சர்க்கரைச் சராசரி 5.6. முடி உதிர்வது மட்டும் சாப்பாட்டைச் சரிசெய்த பிறகும் சில வாரம் தொடர்ந்தது. உடம்புக்கு அதிர்ச்சி ஏற்பட்டு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டும், அதே மாதிரி நின்று வளரவும் தாமதமாகும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அதை நினைத்துவிடக் கூடாது.

எடை பார்ப்பதிலும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். தினமும் காலையில் பார்த்து எழுதிவிட்டு, வாரச் சராசரியை மட்டும் முந்தின வாரச் சராசரியோடு ஒப்பிடுவது. ஒரு நாள் எண்ணை நம்பினால் பைத்தியம் பிடிக்கும். உப்பு கூடினால் ஏறும், அப்பளமும் ஊறுகாயும் சாப்பிட்ட மறுநாள் ஏறும், மாதவிலக்குக்கு முன்னால் ஏறும். மூன்று நாலு வாரச் சராசரி அசையாமல் நின்றால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் முதல் வேலை தட்டைக் குறைப்பதில்லை. எண்ணெய்க் கரண்டி பெரிதாகிவிட்டதா, நடை குறைந்துவிட்டதா, தூக்கம் கெட்டதா என்று பார்ப்பது.

கல்யாணம், கோயில் கொடை, ஆனித் தேரோட்டம் என்று நம் ஊரில் விருந்துக்குக் குறைவில்லை. விருந்துக்கு முந்தின நாள் பட்டினி போடுகிற வழக்கத்தை விட்டோம். வழக்கமான காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போனால் சொதியும் இஞ்சித் துவையலும் ஒரு தடவை வாங்குவதோடு நிறைவாக இருக்கிறது. மறுநாளும் வழக்கமான சாப்பாடுதான், தண்டனை கிடையாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. 800 கலோரி அளவில் உணவு கொடுத்துச் சிகிச்சை செய்வதும் உண்டு. பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளுக்கு 825 முதல் 853 கலோரி வரை உள்ள, சத்துகள் முழுதும் சேர்த்த பான உணவை மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் வெளியான அந்த முடிவில், ஒரு வருஷம் கழித்து ஏறக்குறைய பாதிப் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை அளவு, நோய் என்று சொல்கிற எல்லைக்குக் கீழே இருந்தது. அங்கே மருத்துவக் குழு கூடவே இருந்தது, தொடக்கத்திலேயே மருந்தை நிறுத்தினார்கள், புரதமும் விட்டமினும் அளந்து கொடுத்தார்கள், பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவதையும் வாரக்கணக்கில் படிப்படியாகச் செய்தார்கள். பப்பாளியும் கொள்ளுத் தண்ணீரும் அதற்கு ஈடாகாது. வேகமாக எடை இறங்குகிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாகும் அபாயமும் உண்டு, வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போனால் அது கூடும்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார், வளர்கிற பிள்ளைகள் இந்தக் கணக்கு எதையும் தங்களுக்குப் போட்டுக்கொள்ள வேண்டாம். காலேஜ் போகிற ஒரு பிள்ளை மத்தியானச் சாப்பாட்டைக் கொட்டிவிட்டு வருகிறாள் என்று அவள் அம்மா கடையில் நின்று அழுதாள். எடை பேச்சை வீட்டில் எடுக்காதீங்க, முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்க என்றுதான் சொல்லி அனுப்பினேன். வயதானவர்களுக்குத் தசை போனால் திரும்பக் கொண்டுவருவது கடினம், எங்கம்மாவுக்கு நாங்கள் எதையும் குறைக்கவில்லை. உளுந்தங்களியும் முட்டையும் கூட்டித்தான் கொடுக்கிறோம்.

யாராவது எடை குறைக்க வழி கேட்டால் "சுகர் மாத்திரை போடுதியளா, இன்சுலின் உண்டுமா?" என்பதுதான் என் முதல் கேள்வி. சில மாத்திரைகளும் இன்சுலினும், சாப்பாடு திடீரென்று குறைந்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். வியர்த்து, நடுங்கி, மயங்கி விழும் வரைக்கும் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியாது. இந்த மருந்துகளை எடுக்கிறவர்கள் தட்டிலிருந்து ஒரு இட்லியைக் குறைக்கும் முன்பே டாக்டரிடம் போய் மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுவிட வேண்டும்.